புஷ் தேய்ந்தால் காரையே கொல்வதா?

கிளட்ச் பெடல் கடகடவென்று ஆடினால் என்ன செய்ய வேண்டும்? காரையே தூக்கிப் போடு என்கிறது ஷோரூம். பெடலைக் கழற்று என்கிறது லேத் பட்டறை. நான் லேத் பட்டறை கட்சி.

ஆத்தூரில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வெற்றிலை வியாபாரம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ஆத்தூர் வெற்றிலைதான். அவரிடம் ஒரு அம்பாசடர். கியர் போட்டால் 'கரக்'கென்று ஒரு சத்தம். டவுனில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார். பையன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது அண்ணாச்சி. தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு" என்றான். அண்ணாச்சி கேட்டார்: "ஏம்ப்பா, கால் சுளுக்குனா ஆளையே மாத்திருவியா?"

கேள்வி நியாயமானது. ஏனென்றால் அந்த வண்டிக்கு வந்திருந்தது உண்மையிலேயே சுளுக்குதான்.

கிளட்ச் பெடல் ஒரு சாதாரண நெம்புகோல். ஒரு தண்டில் மாட்டி ஆடுகிறது. நடுவே தேய்மானத்தைத் தாங்க ஒரு புஷ். பெடலின் மறுமுனையில் ஒரு சின்ன பின், அதோடு சேர்ந்த ராடு. கிரீஸ் வைக்காமல் வருஷக்கணக்காக மிதித்தால் புஷ் தேயும். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். நம்ம கடற்கரையின் உப்புக் காற்று அதற்கு உதவிக்கு வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் இருக்கும் இடத்தில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் உங்கள் கால் 10 மில்லிமீட்டர் வீணாக இறங்கும். தரை வரை மிதித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது. கியர் உரசும். சத்தம் கேட்பது கியர் பாக்ஸில். நோய் இருப்பது பெடலில். இது புரியாதவர் முதலில் கிளட்ச் பிளேட்டை மாற்றுவார். அப்புறம் கியர் பாக்ஸை இறக்குவார். கடைசியில் "வண்டியை வித்துருங்க" என்பார். பில் மட்டும் மூன்று தடவை வரும்.

தெரிந்தவர் என்ன செய்வார்? பெடலைக் கழற்றுவார். தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுப்பார். வெண்கலத்தில் புதுசு கடைந்து, அழுத்திப் பொருத்தி, ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டு வருவார். தண்டு தேய்ந்திருந்தால் அதையும் புதிதாகக் கடைவார். முட்டையான ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளை போடுவார். ஸ்பிரிங் மாற்றி, கிரீஸ் வைத்து, மாட்டிவிடுவார். விசைப்படகு இன்ஜினுக்கும் உப்பு லாரிக்கும் தினமும் வேலை பார்க்கும் தூத்துக்குடி கைகளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. உத்தரபாரா தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட வைப்பது அந்தக் கம்பெனி அல்ல, லேத்காரர்கள்.

அவர்களுக்கு அரசாங்கம் என்ன மரியாதை செய்கிறது பாருங்கள். 15 வருஷமான காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று ஆக்கினார்கள். அதே காரை உடைக்கக் கொடுத்து, சர்டிபிகேட் வாங்கிப் புதுக் கார் எடுத்தால்? சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்கிறது மத்திய விதி. பழுது பார்த்தவனுக்கு அபராதம், உடைத்தவனுக்கு இனாம்!

50 வயது தாண்டினால் இன்னொரு வேடிக்கை. 2021 விதிப்படி 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். பணக்காரர் வீட்டு ஷெட்டில் நின்றால் பாரம்பரியம். வெற்றிலைக் கட்டு ஏற்றினால் குப்பை.

நான் படித்தது பி.காம். கார் மாதிரியான சொத்துக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம். மிச்சமிருக்கும் மதிப்பில்தான் ஒவ்வொரு வருஷமும் கழிப்பார்கள். ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு 15 வருஷம் கழித்தும் ஏட்டில் சுமார் 8,700 ரூபாய் நிற்கும். அந்தத் தொகை பூஜ்யம் ஆகவே ஆகாது. ஈவிரக்கமில்லாத கணக்குப் பிள்ளையே ஒரு பொருளைப் பூஜ்யம் என்று சொல்வதில்லை. காலண்டரைப் பார்த்துச் சொல்ல இவர்கள் யார்?

"புகை?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பழைய கார் புதுக் காரைவிட அதிகம் கக்கும். மறுக்கவில்லை. ஆனால் புகையை அளக்கக் கருவி இருக்கிறது. பிரேக்கைச் சோதிக்கவும் கருவி இருக்கிறது. சோதியுங்கள். தேறவில்லையா, ரோட்டில் விடாதீர்கள். வயதைக் கேட்டுத் தண்டிப்பது சோதனை அல்ல, சோம்பேறித்தனம்.

"பாதுகாப்பு?" இது இன்னும் நல்ல கேள்வி. பல பழைய கார்களில் பிரேக் பெடலும் அதே தண்டில்தான் ஆடுகிறது. அரைகுறை வெல்டிங் விட்டுப்போனால் உயிர் போகும். அதனால்தான் சொல்கிறேன், தெரிந்த கை வேண்டும். தெரிந்த கைக்குச் சான்றிதழ் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அந்தக் கை போய்ச் சேர வேண்டும்.

"எலெக்ட்ரிக் கார் காலத்தில் கிளட்ச்சைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் சிரிக்கலாம். தூத்துக்குடி சில்லாநத்தத்திலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. அங்கே செய்யும் கார்களில் கிளட்ச் பெடலே கிடையாது. சந்தோஷம். ஆனால் அந்தக் கார்களுக்கும் வயசாகும். சஸ்பென்ஷன் புஷ் தேயும், பேட்டரி தளரும். அன்றைக்கு ஆத்தூர் மெக்கானிக் அதைத் திறக்க முடியுமா? எந்தக் கம்பெனியின் எலெக்ட்ரிக் காராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். டீலருக்குக் கிடைக்கும் பழுதுத் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று. நம் மத்திய அரசு 2022-ல் 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது, ஓர் இணையதளமும் திறந்தது. இணையதளத்தை வைத்து ஓட்டையை அடைக்க முடியாது.

செய்ய வேண்டியது மூன்றே மூன்று. பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை வயதை வைத்து ஏற்றாமல் சோதனையை வைத்து நிர்ணயியுங்கள். உதிரி பாகத்தின் அளவுகளையும் பழுது பார்க்கும் கையேட்டையும் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று சட்டம் போடுங்கள், முக்கியமாக உற்பத்தியை நிறுத்திய மாடல்களுக்கு. லேத் பட்டறை மூத்தவர்களை ஐ.டி.ஐ.க்குக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்லுங்கள்.

பழையதை ரிப்பேர் செய்யத் தெரிந்த ஊர்தான் புதியதைச் செய்யவும் தெரிந்த ஊர். மற்ற ஊரெல்லாம் வெறும் வாடிக்கையாளர்.