கடலையும் பாலும் வேண்டாம்!

தின்பண்டம் விற்க ஓர் ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அம்மா கேட்கிறார்: ‘என் பையனுக்கு வேர்க்கடலையும் பாலும் ஒத்துக்காது. அதெல்லாம் இல்லாததை மட்டும் காட்டுங்க!’ நீங்களும் அவர் சொன்னதை அப்படியே புரோகிராமில் இறக்குகிறீர்கள்: ‘கடலையும் பாலும் இருந்தால் காட்டாதே.’

முதல் ஆளாக வந்து நிற்கும், கடலைமிட்டாய்!

கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. ‘உம்’ போட்டுச் சொன்னால், இரண்டும் சேர்ந்தே இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். கடலைமிட்டாயில் பால் ஏது? பாஸ். பால்கோவாவில் கடலை ஏது? அதுவும் பாஸ். இரண்டும் கலந்த பண்டம் மட்டும்தான் மாட்டும். கடலை அலர்ஜி சிலருக்கு மூச்சையே அடைத்துவிடும் என்பதால், இதைச் சின்ன பிழை என்று தள்ளிவிட முடியாது.

‘கடலையோ பாலோ இருந்தால் காட்டாதே’ என்று எழுதியிருக்க வேண்டும். அல்லது, ‘கடலையும் இல்லை, பாலும் இல்லை என்றால் காட்டு.’ இரண்டும் ஒன்றுதான். ‘இல்லை’யை அடைப்புக்குறிக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோனால், ‘அல்லது’ இருந்த இடத்தில் ‘மற்றும்’ வரும். ‘மற்றும்’ இருந்த இடத்தில் ‘அல்லது’ வரும். ‘ஓ’வும் ‘உம்’மும் இடம் மாறுவதைக் கவனித்தீர்களா? கம்ப்யூட்டரையே தொடாத பாட்டிகூட இதைப் பேச்சில் சரியாகச் சொல்லிவிடுவார்.

இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம மதுரையில், 1806-ல்! அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. 21 வயதில் லண்டனில் கணிதப் பேராசிரியர். கம்ப்யூட்டர் வரலாற்றில் பேசப்படும் அடா லவ்லேஸுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இவரே.

இதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இன்னொரு தப்பு உண்டு. வார இறுதியில் கடைக்கு லீவு விட நினைத்து, ‘இன்று சனி இல்லை அல்லது ஞாயிறு இல்லை என்றால் கடையைத் திற’ என்று எழுதுவார்கள். சனிக்கிழமையன்று ஞாயிறு இல்லையே! ஞாயிறன்று சனி இல்லையே! வாரம் ஏழு நாளும் கடை திறந்தேதான் இருக்கும். ஊழியர்கள் பாவம்.

எழுதி முடித்ததும் நான்கே பண்டங்களை உள்ளே அனுப்பிப் பாருங்கள்: கடலைமிட்டாய், பால்கோவா, பால் சேர்த்த கடலை பர்ஃபி, பொரி உருண்டை. பொரி உருண்டை மட்டும் வெளியே வந்தால், அந்த அம்மாவுக்கு ஆப்பைக் கொடுக்கலாம்.