மெல்லோசைக்கும் இடம் வேண்டும்

மாலை வேளையில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில், கேம்பல் லேன் முனையிலிருந்து வீரமாகாளியம்மன் கோயில் வரையில் நடந்து போகிறவர்களைக் கடைக்குக் கடை ஒரு பாட்டு எதிர்கொண்டு அழைக்கும். கடைத்தெரு என்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெருவுக்கு உரிய அந்த இரைச்சல் பாட்டின் ஒலிப்பதிவுக்குள்ளேயே குடிபுகுந்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே கேட்கும்போதும் விடாமல் துரத்துகிறதே, அதுதான் என் மனத்தாங்கல்.

ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், எண்பதுகளில் வெளிவந்த ஒரு திரைப்பாட்டின் பழைய பதிவையும், பிற்காலத்தில் 'மெருகேற்றி' வெளியிட்ட பதிவையும் ஒலியலை வரைபடங்களாகக் கணினித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். பழையதில், புல்லாங்குழல் தனித்து வரும் இடம் நூலிழைபோல் மெலிந்து கிடந்தது. வயலின்கள் கூடும் இடத்தில் அது குன்றாக எழுந்து, பல்லவி திரும்பும்போது மறுபடி சரிந்தது. புதியதிலோ குழலும் இல்லை, குன்றும் இல்லை; ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே உயரத்தில் சுவர் எழுப்பியதுபோல் இருந்தது. டிஜிடல் பதிவில் ஒலி தாண்டக்கூடாத உச்சவரம்பு ஒன்று உண்டு; அதற்குமேல் ஏற முடியாதாகையால், கம்ப்ரஸரைக் கொண்டு பெரிய ஒலிகளை அமுக்கி, லிமிட்டரால் நுனிகளைச் சீவிவிட்டு, பிறகு மொத்தத்தையும் தூக்கி நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் காதுக்குச் சமமான சத்தத்தில் வைத்துக் கேட்டோம். பழைய பதிவில் மிருதங்கத்தின் முதல் அடி நெஞ்சில் விழுந்தது. புதியதில் அது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

கேஸட்டு நாட்களில் நாடாவின் இரைச்சல் மெல்லிய ஒலிகளை விழுங்கிற்று. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியோ, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபெல் விஸ்தாரத்தை அளித்தது. அவ்வளவு பெரிய மைதானம் கைக்கு வந்தபின், தொண்ணூறுகளிலிருந்து கம்பெனிகள் அதன் ஒரு மூலையிலேயே முண்டியடித்துக்கொண்டு நின்றன. ஒரே பாட்டைச் சற்று உரக்கக் கேட்டால் அதுவே நன்றாயிருப்பதுபோல் காதுக்குப் படும் என்பதுதான் காரணம். 2008-இல் அமெரிக்காவின் மெட்டாலிகா குழு வெளியிட்ட 'டெத் மேக்னெடிக்' இசைத்தட்டு கரகரக்கிறது, மறுபடி கலந்து தாருங்கள் என்று அதன் ரசிகர்களே விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

ரயிலில் கேட்கிறவர்களுக்கு மெல்லோசை காதில் விழாதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, சுரங்கத்தின் ஓசையில் ஆலாபனையின் தொடக்கத்தை நானும் பலமுறை இழந்திருக்கிறேன். ஆனால், பயணத்தில் கேட்பவருக்காக ஒலியை அமுக்கித் தரும் வேலையை அவர் கையிலுள்ள கருவியே செய்துவிடலாம். பதிவிலேயே நசுக்கிவிட்டதை எந்தக் கருவியாலும் முழுதாக மீட்க முடியாது. மேலும், ஸ்பாட்டிஃபை முதலிய சேவைகள் பாட்டுகளின் உரப்பை அளந்து, ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எப்.எஸ். (காதுக்குப் படும் உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. எவ்வளவு நசுக்கிக் கொடுத்தாலும் அங்கே பாட்டு அடுத்த பாட்டைவிட உரக்க ஒலிப்பதில்லை. உயிர் போனதுதான் மிச்சம்.

இதே ஊரில் 2002-இல் எஸ்பிளனேட் அரங்கத்தைத் திறந்தார்கள். ஒலியியல் நிபுணர் ரஸ்ஸல் ஜான்சனைக் கொண்டு, மேடைக்கு மேலே ஏற்றி இறக்கத்தக்க விதானமும், வேண்டும்போது திறந்து மூடத்தக்க எதிரொலி அறைகளும் அமைத்து, சுமார் 1,600 பேர் அமரும் இசைக்கூடத்தில் ஒரு கம்பியின் மெல்லிய கமகமும் கடைசி வரிசைக்கு எட்டும்படி செய்தார்கள். நிசப்தத்தைக் காக்க அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்ட ஊரிலே பாட்டமைக்கும் நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் அடுத்த பாட்டை வெளியிடுமுன், லிமிட்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை முழுவதும் கேளுங்கள், குழல் மெலிந்து வரும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். உரக்கக் கேட்க விரும்புகிறவர் ஒலியைக் கூட்டிக்கொள்ளும் குமிழ் அவர் கையிலேயே இருக்கிறது.