தளர்ந்த பாட்டரியும் வீட்டுப் பட்டறையும்

ஹெப்பாள் என்றவுடன் பலருக்கும் பெங்களூரின் வடபுறத்திலுள்ள பகுதியே நினைவுக்கு வரும். மைசூரு நகரிலும் அப்பெயருடைய பகுதியொன்று உண்டு. தொழிற்பேட்டைக்குப் பெயர் பெற்ற அவ்விடத்திலேயே இன்போசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகம் அமைந்துள்ளது. கல்லூரியை விட்டு வரும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அங்குப் பயில்கின்றனர். உழவனுக்குக் கலப்பை எப்படியோ, அப்படியே அவர்களுக்கு மடிக்கணினி. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு வழங்கிய கணினிகளும் பல இலட்சம். சில ஆண்டுகள் உழைத்தபின் இவை அனைத்திற்கும் நேரும் பிணி ஒன்றே: பாட்டரி தளர்ந்துவிடுகிறது. புதியதன் விலையைக் கேட்டவர், பழையதைப் பிரித்துக் கலங்களை மாற்றி வீட்டிலேயே புதுப்பித்தால் என்ன என்று எண்ணுவது இயல்பு. அந்த ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் அச்செயல் தகாது. ஏன் தகாது என்பதை மாணவருக்கு விளக்கும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு.

பழைய வகைப் பாட்டரியின் உறைக்குள் பெரும்பாலும் உருளை வடிவான ஆறு லிதியம் அயனிக் கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்த மூன்று சோடிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய 3.6 வோல்ட்டு, முழுவதும் மின்னேற்றியபோது 4.2 வோல்ட்டு. வெப்பமான அறையிலே, எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் வைத்திருந்தால், கலத்தினுள் நிகழும் வேண்டாத ரசாயன மாற்றங்கள் லிதியத்தைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடுகின்றன. மேசையை விட்டு அகலாத கணினியின் பாட்டரியும் கெடுவதற்குக் காரணம் இதுவே.

ஆறு கலங்களும் ஒருங்கே கெடுவது அரிது. ஒரு சோடி முதலில் தளரும். அதன் மின்னழுத்தம் கீழெல்லையைத் தொட்டவுடன் காவல் சுற்று மின்னோட்டத்தை நிறுத்திவிடும். மற்ற இரு சோடிகளில் மின்சாரம் மிகுந்திருந்தாலும் பயனில்லை. ஆகவே, கெட்ட சோடியை மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணம் எழுகிறது. இங்கேதான் பிழை நேர்கிறது. புதுக் கலமும் பழைய கலமும் கொள்ளளவில் ஒவ்வா. பழையவையே முன்னதாக வறண்டு, அடுக்கு முழுவதையும் மீண்டும் நிறுத்திவிடும். ஆறையும் மாற்றினாலோ, கடைத்தெருவில் கிடைப்பவை நம்பத்தக்கவையல்ல. இவ்வளவு சிறிய உருளையில் ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர் மணிக்குரிய மின்சாரம் அடங்குவதே பெரிது. 9,900 என்று அச்சிட்ட போலிக் கலங்களோ தாராளமாக விற்கப்படுகின்றன!

இணைப்பிலும் இடர் உண்டு. தொழிற்சாலையில் நிக்கல் பட்டைகளை நொடிப்பொழுதில் புள்ளிப் பற்றவைப்பால் ஒட்டுவர். வீட்டிலுள்ள ஈயப்பற்றுக் கோல் 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாவது. கலத்தினுள் இருமுனைகளையும் பிரித்து நிற்கும் பாலிஎதிலீன் ஏடோ சுமார் 130 டிகிரியிலேயே உருகுவது. ஏடு பழுதுபட்டால் உட்குறுக்கிணைப்பு நேரும். வெப்பம் வெப்பத்தை வளர்க்கும். எரியும் தன்மையுள்ள கரைசல் தீப்பற்றி, நச்சுப் புகையும் கிளம்பும். இது அன்றே நிகழாமல், ஒரு மாதம் கழித்து, வீட்டார் உறங்கும் வேளையில் மின்னேற்றும்போது நிகழலாம்.

இவ்வளவும் கடந்தவரையும் பாட்டரியின் உள்ளிருக்கும் சில்லு தடுத்துவிடுவதுண்டு. பழைய கொள்ளளவையே அது நினைவில் வைத்திருக்கும். சில வகைகளில் கலங்களைக் கழற்றியவுடன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். இக்காலத்து மெல்லிய கணினிகளில் உள்ள தட்டைப் பை வடிவக் கலங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவற்றைப் பிரிப்பதே அபாயம்.

அவ்வாறாயின் எஞ்சிய நல்ல கலங்கள் வீணாவதா? 2014ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் இந்திய ஆராய்ச்சிப் பிரிவினர், கழிக்கப்பட்ட மடிக்கணினிப் பாட்டரிகளைச் சோதித்தனர். அவற்றில் குறைந்தது 70 சதவிகிதம், ஓர் எல்இடி விளக்கை நாள்தோறும் நான்கு மணிக்கு மேல் ஓராண்டுக் காலம் எரிக்க வல்லவை என்று கண்டனர். 'ஊர்ஜார்' என்ற கருவியை அமைத்துப் பெங்களூரில் தெரு வணிகர் முதலியோரிடம் கொடுத்தும் பார்த்தனர். உழவுக்கு ஆகாத மாடு இலகுவான பாரம் இழுப்பதுபோல, தளர்ந்த கலத்திற்கும் அதற்கேற்ற வேலை உண்டு. ஆனால், தகுதியைத் தேரும் முறை கடுமையானது. 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த கலத்தில் தாமிரம் கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கக்கூடும். அதை அறவே தள்ளவேண்டும். மின்னேற்றிச் சில வாரம் வைத்து அளக்கும்போது அழுத்தம் இறங்கியதும் ஆகாது. இத்தகைய பணி தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். அங்கேயும் இது பாடமாக இல்லாதிருப்பது பெருங்குறையே.

குறை பயனாளரிடம் மட்டும் இல்லை. திருகைக் கழற்றிப் பாட்டரியை மாற்றும் வசதியை நீக்கிப் பசையால் ஒட்டியவர்கள் உற்பத்தியாளர்களே. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், 2027 பிப்ரவரி முதல் இத்தகைய சாதனங்களின் பாட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்கவேண்டும் என விதித்துள்ளது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022இல் மத்திய அரசு குழு அமைத்தது. நியாயமான விலையில் உண்மையான பாட்டரி கிடைக்குமானால், ஈயப்பற்றுக் கோலை எவரும் நாடமாட்டார்.

2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிந்த பாட்டரிகளைச் சேகரிக்கச் செய்வது உற்பத்தியாளரின் கடமை. குப்பையில் சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது பயனாளரின் கடமை. பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் ஒப்படைக்கும் நாள்வரை, முனைகளில் மின்காப்பு நாடா ஒட்டி, உலர்ந்த மணல் பரப்பிய மண்தொட்டியில், காகிதக்கட்டுகளுக்கு எட்டத்தே நிழலில் வைக்கலாம். உப்பிய பாட்டரியை அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது.