அளவு தவறிய கோனும் அவசரப்பட்ட இரக்கமும்

கண் அறுவை முடிந்து வீடு திரும்பும் சிறிய நாயின் கழுத்தில் மாட்டிவிடும் பிளாஸ்டிக் கோன், பல வீடுகளில் இரண்டாம் நாளே கழன்று அலமாரிக்கு மேல் போய்விடுகிறது. வாயில்லா ஜீவனுக்கு அது கொடுமை; ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும்; மனம் கேட்காவிட்டால் துணிக் கோனோ காற்றடைத்த டோனட் வளையமோ மாட்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். வயிற்றுத் தையல், முதுகுப் புண் போன்றவற்றில் இந்த நம்பிக்கைக்கு ஓரளவு இடமுண்டு. கண் விஷயத்தில் அது பார்வைக்கே உலை வைத்துவிடும்.

நாயின் கருவிழி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ஆழமான புண் விழுந்தால், வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து புண்ணின்மேல் வைத்துத் தைப்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய இழையில், நுண்ணோக்கியின் கீழ் போடப்படும் தையல் அது. ‘செர்ரி ஐ’ எனப்படும் கோளாறில், மூன்றாம் இமையிலிருந்து பிதுங்கி வந்த சுரப்பியை ஒரு சிறு பை போல அமைத்து உள்ளே தள்ளித் தைக்கிறார்கள். கண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தரும் சுரப்பி என்பதால் அதை வெட்டி எறிவதில்லை. இந்தத் தையல்கள் எதுவும் நகத்தின் ஒரு இழுப்பைத் தாங்காது.

இத்தகைய அறுவைக்கு அடிக்கடி வருபவை பக், ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, பெக்கிங்கீஸ் போன்ற தட்டை முக நாய்கள். 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு இந்திய நகரங்களில் பக் வளர்க்கும் ஆசை பெருகியது. அந்த முகத்தோடு வரும் கண் தொல்லையை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. இவற்றின் கண்குழி ஆழமற்றது. விழி வெளியே துருத்தி நிற்கிறது. மூக்கு நீண்ட நாய் முகத்தைச் சோபாவில் தேய்த்தால் முதலில் உரசுவது மூக்கும் கன்னமும்; பக் தேய்த்தால் விழியே உரசும்.

‘பார்த்துக்கொண்டால் போதும்’ என்ற வாதம் நாய் கண்ணைத் தேய்க்கும் வேகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தூங்கி எழும் நாய் தலையைத் தாழ்த்தி, முன்னங்காலைக் காதோரம் தூக்கி, மூக்கை நோக்கி ஒரே வீச்சில் இழுக்கிறது. பாதத்துக்குச் சற்று மேலே, காலின் உட்புறம் தனித்து நிற்கும் பெருவிரல் நகம் கண்ணின் குறுக்கே போகிறது. எல்லாம் ஓரிரு நொடிக்குள். எதிரே உட்கார்ந்திருப்பவர் ‘ஏய்!’ என்று அதட்டும்போது தையல் பிரிந்திருக்கும். வலி மருந்தின் வேகம் குறையும்போதும், சொட்டு மருந்து எரியும்போதும், தையல் முனை மணல்போல் உறுத்தும்போதும் இந்த உந்துதல் கூடும். இரவு முழுக்க விழித்திருந்து காவல் காப்பவரும் எவருமில்லை.

டோனட் வளையம் கழுத்தை வளையவிடாது என்பது உண்மை. வயிற்றையும் இடுப்பையும் நக்காமல் தடுக்க அது உதவும். ஆனால் கண்ணுக்கு ஆபத்து வாயிலிருந்து வருவதில்லை. முன்னங்காலிலிருந்தும், தரை, சோபா, கட்டில் கால் ஆகியவற்றிலிருந்தும் வருகிறது. வளையம் முகத்தைத் திறந்தே வைத்திருப்பதால் இவற்றில் எதையும் மறிக்காது. துணிக் கோன் அதைவிட ஒரு படி மோசம் என்றே சொல்ல வேண்டும். நாய் சுவரில் சாய்ந்ததும் அது உள்பக்கம் மடிந்து, அதன் ஓரமே விழியில் உரசும். கண்ணுக்கு விறைப்பான பிளாஸ்டிக் கோன் ஒன்றே தகுந்தது.

நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்ற பழைய நம்பிக்கையும் கோனைக் கழற்ற ஒரு சாக்காகிறது. எச்சிலில் சில கிருமிகளைத் தடுக்கும் புரதங்கள் உண்டு. கூடவே ஏராளமான பாக்டீரியாக்களும் உண்டு. நாயால் தன் கண்ணை நக்க முடியாது. நக்கி ஈரமாக்கிய பாதத்தால் கண்ணைத் துடைக்கும், அல்லது வீட்டிலுள்ள இன்னொரு நாய் வந்து நக்கும். கருவிழிப் புண்ணில் கடுமையான தொற்று ஏறினால் திசு கூழாகக் கரைந்து, ஓரிரு நாளிலேயே கண்ணில் ஓட்டை விழக்கூடும்.

கோன் நாய்க்குச் சங்கடம் தருவதை மறுப்பதற்கில்லை. 2020-இல் வெளியான சிட்னி பல்கலைக்கழக ஆய்வில் நாய், பூனை வளர்ப்போர் 434 பேரிடம் கேட்டபோது, கோன் மாட்டிய நாட்களில் தங்கள் பிராணியின் நிலை மோசமானதாக 77 விழுக்காட்டினர் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க முடியாமை, விளையாட முடியாமை, அரிப்பு, கழுத்துக் காயம் ஆகியவை அவர்கள் சொன்ன குறைகள். இவற்றில் பெரும்பகுதியைச் சரியான அளவும் மாட்டும் பக்குவமும் தீர்த்துவிடும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே மாட்டிவிட்டு, கோன் என்ற பொருளையே பழிப்பதுதான் நடக்கிறது.

அளவு பார்க்க, கழுத்தில் காலர் அமரும் இடத்திலிருந்து மூக்கு நுனி வரை டேப்பால் அளந்து, அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். கோனின் விளிம்பு மூக்கைத் தாண்டி நிற்காவிட்டால், கோன் போட்டும் பயனில்லை: நாய் முகத்தை நீட்டித் தரையில் தேய்க்கும், விளிம்பிலேயே கண்ணை வைத்தும் தேய்க்கும். அளவுக்கு மீறி நீண்டாலும் தொல்லைதான். குட்டைக்கால் நாய்க்கு விளிம்பு தரையில் தட்டி, ஒவ்வொரு படியிலும் தலை அதிரும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் நாய்க்குப் பக்கவாட்டில் ஆள் வருவது தெரியும்; திடுக்கிடல் குறையும்.

கழுத்துப் பகுதியில் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். பக் நாயின் கழுத்து ஏறக்குறைய தலையின் அகலமே இருப்பதால், அந்த இடைவெளியிலேயே கோன் உருவிக்கொண்டு வந்துவிடும். உடனே பட்டையை இறுக்குவது பெரிய தவறு. கழுத்து அழுந்தினால் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறும். ஆழமான புண் உள்ள கண்ணில் அது விழியையே கிழிக்கலாம். கோனின் துளைகளில் நாடாவைக் கோத்து மார்புப் பட்டையோடு கட்டுவதே வழி. வெளியே அழைத்துப் போகும்போதும் சங்கிலியை மார்புப் பட்டையில் மாட்ட வேண்டும், கழுத்தில் கூடாது. கழுத்தை அறுக்கும் உள் ஓரத்துக்குப் பஞ்சு வைத்த துணி ஓரம் போதும்.

சோற்றுத் தட்டு கோனின் வாயைவிடச் சிறியதாக, சற்று உயரத்தில் இருந்தால் பெரும்பாலான நாய்கள் கோனோடே சாப்பிட்டுவிடும். அடம்பிடிக்கும் நாய்க்கு, ஒருவர் உடலைப் பிடித்துக்கொண்டிருக்க, தட்டு காலியாகும் வரை மட்டும் கழற்றலாம். சொட்டு மருந்துக்குக் கழற்றவே தேவையில்லை. நாயின் பின்னால் உட்கார்ந்து, தாடையைத் தூக்கி, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவந்து விடலாம். சித்திரை வெயிலில் தட்டை முக நாய் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும். கோன் போட்டிருக்கும் நாட்களில் அது மின்விசிறியின் கீழ், குளிர்ந்த தரையில் கிடக்கட்டும்.

பொதுவாக 10 முதல் 14 நாள் வரை கோன் இருக்க வேண்டும். சவ்வுத் துண்டு வைத்துத் தைத்த கண்ணுக்கு அதைவிடக் கூடுதலாகும். கண் நன்றாகத் திறந்து, சிவப்பும் வடிந்துவிட்டது என்று பாதியில் கழற்றுவதே வழக்கமான பிசகு. மேல்பூச்சு ஆறிய பின்னும் அடித்திசு வலுப்பெற நாளாகும் என்பதால், கழற்றும் தேதியை மருத்துவர் கண்ணைப் பரிசோதித்த பிறகே சொல்வார்.