கிடர்பூரில் கவிழ்ந்த கப்பலும் கடலில் நிற்கும் மேடைகளும்

2022ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று கொல்கத்தாவின் நேதாஜி சுபாஷ் கப்பல்துறையில் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டிருந்த ‘மரைன் டிரஸ்ட் 01’ என்ற வங்கதேசக் கப்பல் ஒருபுறமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 1892இல் திறக்கப்பட்ட கிடர்பூர்க் கப்பல்துறையும் அதற்கு மேற்கே உள்ள இந்தத் துறையும் சேர்ந்ததே கொல்கத்தா நகரத்தின் துறைமுகம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கப்பலும் கொள்கலன்களும் கிடந்த இடம் சரக்குக் கையாளும் தளம், அது முடங்கியது. மாலுமிகள் ஊர் திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் கொல்கத்தாவிலேயே தங்க நேர்ந்தது. அப்போது நடப்பிலிருந்த 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், போக்குவரத்துக்குத் தடையாகும் சிதைவை அகற்றி விற்கும் அதிகாரத்தைத் துறைமுகத்துக்கு அளித்திருந்தது. அதிகாரம் தாளில் இருந்தது. கப்பலோ நீரில் கிடந்தது.

இந்த நிகழ்வைக் கடல்சார் எரிவாயு மேடைகளின் அகற்றலோடு இணைத்துப் பேசுவது முதற்பார்வையில் வலிந்த ஒப்பீடாகத் தோன்றலாம். இரண்டையும் இணைப்பது பொருளியல். மிதக்கும் பழைய கப்பலுக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. விமானந்தாங்கிக் கப்பலான ‘விராட்’, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்எஸ்டிசி நிறுவனத்தின் ஏலத்தில் 38.54 கோடி ரூபாய்க்கு விலைபோய், 2020இல் அலங் கரையைச் சேர்ந்தது. வாங்குபவர் பணம் கொடுத்து எடுத்துச்செல்கிறார். கவிழ்ந்த கப்பலின் கணக்கு தலைகீழானது. அதை எடுப்பதற்கு ஆகும் செலவு அதன் இரும்பின் விலையைவிட அதிகம். ஆகவே அதை யாரும் தமதென்று ஏற்க முன்வருவதில்லை. எரிவாயு மேடையோ விபத்து எதுவும் நேராமலேயே இந்த நிலைக்கு வந்து சேர்கிறது. கடைசிக் கன அடி வாயு வெளியேறிய மறுநாள் அது உடைமை அல்ல, கடன்.

கடனின் அளவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, அகற்றும் வேலையின் வரிசையைப் பார்த்தாலே போதும். முதலில் ஒவ்வொரு கிணற்றையும் சிமெண்டால் பல அடுக்குகளில் அடைக்க வேண்டும். பெரும்பாலான மேடைகளில் செலவின் பெரும்பகுதியை விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான். பிறகு குழாய்களில் தங்கிய நீர்மங்களை வெளியேற்றிக் கழுவ வேண்டும். அதன்பின் மேல்தளத்தைக் கால்களிலிருந்து வெட்டிப் பிரித்து, பெரும்பளுத் தூக்கிகள் பொருத்திய கப்பலால் உயர்த்தி, படகுத்தளத்தில் இறக்க வேண்டும். கால்களைத் தரையில் அறைந்திருக்கும் முளைகளைக் கடற்படுகைக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் அறுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டால் முளையின் எஞ்சிய முனை இழுவலைகளைக் கிழிக்கும். அந்தத் தூக்கிக்கப்பல்களின் வாடகை நாட்கணக்கில் ஏறுவது. பருவமழை முன்கூட்டியே வந்துவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். கரைக்கு வந்த பிறகும் வேலை முடிவதில்லை: குழாய்களின் உட்புறத்தில் படிந்த இயற்கைக் கதிரியக்கப் பொருள்கள், சில வயல்களில் பாதரசம், பழைய மேடைகளில் கல்நார். இவற்றைக் கையால் தொடப்போகும் வெட்டுத்தொழிலாளியின் பெயர் எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

இந்தியா இவ்வேலையை ஒருமுறை முறையாகச் செய்து முடித்திருக்கிறது. மும்பைக்கு வடமேற்கே தப்தி வயல்களில் 1997இல் தொடங்கிய எரிவாயு உற்பத்தி 2016இல் நின்றது. ஓஎன்ஜிசி, ரிலையன்ஸ், ஷெல் குழுமத்தின் வசம் வந்த பிஜி ஆகியவற்றின் கூட்டு முயற்சி, பின்வந்த ஆண்டுகளில் அங்கிருந்த ஐந்து கிணற்று மேடைகளை அகற்றியது. நாட்டின் முதல் கடல்மேடை அகற்றல் அதுவே. பாராட்டத்தக்க பணி, ஆயினும் அது எளிய தேர்வு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆழங்குறைந்த கடல், சிறிய மேடைகள், பணபலம் மிக்க மூன்று பங்காளிகள். அடுத்து வரவிருப்பவை இத்தனை இணக்கமாக இரா.

சட்டத்தின் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது இங்கே முக்கியமாகிறது. பயன்பாடற்ற அமைப்புகள் அகற்றப்பட வேண்டும் என்பது இந்தியா 1995இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் பொதுவிதி. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1989இல் வகுத்த வழிகாட்டுதல் அதற்கு எண்களைத் தந்தது: 75 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் நிற்கும், மேல்தளம் நீங்கலாக 4,000 டன்னுக்குக் குறைந்த அமைப்புகள் முழுமையாக அகற்றப்பட வேண்டும், 1998 தொடக்கத்திலிருந்து நிறுவப்பட்டவற்றுக்கு இந்த ஆழம் 100 மீட்டர். 1976இல் உற்பத்தி தொடங்கிய மும்பை ஹை வயலின் ஆழமோ ஏறத்தாழ அந்த 75 மீட்டரையே ஒட்டியது. ஓரிரு மீட்டர் வேறுபாட்டைச் சுற்றி நாளை பெருந்தொகை வழக்குகள் எழாது என்று யாரும் உறுதி கூற இயலாது.

பணத்துக்கு வருவோம். தளச் சீரமைப்பு நிதித் திட்டம் 1999இல் வந்தது. வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 33ஏபிஏ பிரிவின்படி, அகற்றலுக்கென நிறுவனங்கள் பாரத ஸ்டேட் வங்கியின் தனிக்கணக்கில் செலுத்தும் தொகைக்கு, லாபத்தில் 20 விழுக்காடுவரை வரிக்கழிவு கிடைத்தது. வாயு பாயும்போதே, வருவாய் இருக்கும்போதே பணத்தை ஒதுக்கச் செய்யும் ஏற்பாடு. கருத்தளவில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் வரிக்கழிவு என்பது அரசு வாங்காமல் விட்ட வரி. அதாவது அந்த நிதியில் பொதுமக்களும் பங்காளிகள். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் காணக்கிடைப்பது பெரும்பாலும் மொத்தத் தொகை. எந்த வயலுக்கு எவ்வளவு சேர்ந்துள்ளது, அவ்வயலை அகற்ற இன்றைய மதிப்பீடு என்ன, இரண்டுக்கும் இடையிலான பள்ளம் எவ்வளவு ஆகிய மூன்று எண்களும் வயல்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். வணிக இரகசியம் என்ற மறுப்பு இங்கே பொருந்தாது. வற்றிப்போன கிணற்றில் என்ன இரகசியம்?

இக்கோரிக்கை வெறும் கணக்காளர் ஆர்வம் அன்று. முதிர்ந்த வயல்கள் பெரிய நிறுவனங்களிடமிருந்து சிறிய நிறுவனங்களுக்குக் கைமாறுவது உலக வழக்கம். ஆஸ்திரேலியாவில் உட்சைடு நிறுவனம் ‘நார்தர்ன் எண்டவர்’ என்ற எண்ணெய் உற்பத்திக் கப்பலையும் அதன் வயல்களையும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. வாங்கிய நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போய் 2020இல் கலைக்கப்பட்டது. அகற்றும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. அரசு அச்செலவை மீட்க, எண்ணெய்த் தொழில் முழுவதன்மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் தீர்வை விதித்தது. முன்னாள் உடைமையாளரையும் பொறுப்பாக்கும்படி 2021இல் சட்டத்தையும் திருத்தியது. பிரிட்டன் அத்தகைய விதியை 1998ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்திலேயே வைத்திருந்தது. சிறிய வயல்களைச் சிறிய நிறுவனங்களுக்கு ஊக்கத்தோடு வழங்கிவரும் இந்தியாவுக்கு இதைவிடத் தெளிவான முன்னெச்சரிக்கை தேவையில்லை.

மேடைகளை அகற்றாமல் செயற்கைப் பவளத்திட்டுகளாக விட்டுவிடலாம் என்ற வாதமும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் நூற்றுக்கணக்கான மேடைகள் அவ்வாறு மாற்றப்பட்டுள்ளன. மீன் பெருகுவதும் உண்மை. ஆனால் இவ்வாதத்தை முன்வைப்பவர் எவராயினும், மிச்சமாகும் செலவு யார் பையில் சேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காக்துவீப்பிலோ காரைக்காலிலோ வலை கிழிந்த மீனவருக்கு அந்த மிச்சத்தில் பங்கு கிடைத்ததாகக் கேள்வியில்லை. மறுபயன்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு மும்பை ஹையைக் கண்டறிந்த ‘சாகர் சாம்ராட்’ துளைக்கலன். அது நடமாடும் உற்பத்தி அலகாக மாற்றப்பட்டு 2022 இறுதியில் மீண்டும் பணிக்கு வந்தது. ஆனால் அது இடம்பெயரக்கூடிய கலன். தரையில் அறையப்பட்ட மேடைக்கு அந்த வழி இல்லை.

கொல்கத்தாவை நோக்கி வரும் கடல்வழியில் 2018 ஜூனில் தீப்பிடித்த ‘எஸ்எஸ்எல் கொல்கத்தா’ கொள்கலன் கப்பலிலிருந்து 22 மாலுமிகளும் மீட்கப்பட்டனர். கப்பலோ சுந்தரவனக் கடற்பகுதியில் அமிழ்ந்தது. அதன் எண்ணெய் அலையாத்திக் காடுகளைத் தொட்டுவிடுமோ என்ற அச்சம் நெடுநாள் நீடித்தது. வங்கக் கடலில், ஆளில்லாத நேரத்தில் கைவிடப்படும் இரும்பு யாருடையது என்பதற்கு அது ஒரு முன்னோட்டம்.

அதே கடலின் தெற்குப் பகுதியில் கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது. காவிரிப் படுகையின் கடல்வயலான பிஒய்-3இல் உற்பத்தி 2011இல் நின்றது. பிஒய்-1 மேடையிலிருந்து 2009இல் பிள்ளைப்பெருமாநல்லூர் கரைக்கு வரத் தொடங்கிய எரிவாயு எதிர்பார்த்த அளவை நெடுநாள் தாங்கவில்லை. ஆந்திரக் கரையோரம் ரவ்வா வயலில் எட்டு ஆளில்லா மேடைகள் நிற்கின்றன. அவ்வயலின் ஒப்பந்தம் 2019இல் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது, 2029இல் முடிகிறது.