ஒரு கோப்பை வைன்

நிலநடுக்கத்தைக் கணிக்கத் தவறியதற்காக விஞ்ஞானிகளைத் தண்டித்த நாடு என்று இத்தாலியைக் கிண்டலடிக்கும் பதிவுகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கூடவே கலிலியோவையும் இழுத்துவிடுவார்கள். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் வழக்கு வேறு.

2009இன் தொடக்கத்தில் லாக்விலா நகரில் நிலம் அடிக்கடி ஆடியது. மக்கள் கேட்டது ஒரே கேள்வி: வீட்டுக்குள் தூங்கலாமா? மார்ச் 31 அன்று அரசின் நிபுணர் குழு அங்கே கூடியது. கூட்டம் தொடங்குமுன்பே குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தெ பெர்னார்தினிஸ் டிவிக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். சின்னச் சின்ன அதிர்வுகளில் ஆற்றல் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அதனால் ஆபத்தில்லை என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களாம். அப்போ ஒரு கோப்பை வைன் குடிக்கலாமா என்று நிருபர் கேட்க, தாராளமாக என்று வைனின் பெயரையும் சொன்னார்.

அந்த விளக்கமே தப்பு. 6 அளவுள்ள நிலநடுக்கத்தின் ஆற்றல் சிறுகச் சிறுக வெளியேற வேண்டுமென்றால், 4 அளவுள்ள அதிர்வுகள் சுமார் ஆயிரம் வரவேண்டும். பெரிய நிலநடுக்கத்துக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் அடியோடு மறுக்க முடியாது என்று குழுவுக்குள் பேசினார்கள். ஆனால் ஊர் காதில் விழுந்தது வைன் பேச்சுதான். அதை யாரும் உரக்கத் திருத்தவில்லை.

நிலம் ஆடினால் ராத்திரியை வெளியே கழிப்பது அந்த ஊர்ப் பழக்கம். ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. 309 பேர் செத்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்னாலும் நிலம் ஆடியிருந்தது. பேட்டியை நம்பி உள்ளேயே இருந்துவிட்டோம் என்று பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2012இல் ஏழு பேருக்கும் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகள் விடுதலையானார்கள். தெ பெர்னார்தினிஸுக்கு மட்டும் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது.

அந்த ஆறு பேரைச் சிறையில் தள்ளியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள்' என்ற வாதத்தை இனியாவது குப்பையில் போடுவோம். இப்படித் தொடரும் அதிர்வுகள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அதனால் ஊரையே காலி செய்யச் சொல்ல முடியாது. சரி. 'எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் கல்வீடு பழசு. பயமாக இருந்தால் வெளியே படுங்கள்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஜனங்கள் ஜோசியம் கேட்கவில்லை. எங்கே படுப்பது என்றுதான் கேட்டார்கள்.