கிருமி தீட்டும் சித்திரம்!

கிருமி என்றதும் நோயின் நினைவுதான் எல்லோருக்கும் வரும். ஆனால் அந்தக் கிருமியைக் கொண்டே ஒருவர் சித்திரம் தீட்டினார். அவர் யார் தெரியுமா? பெனிசிலினைக் கண்டுபிடித்த டாக்டர் அலெக்சாண்டர் பிளெமிங்!

லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் அவர் ஆராய்ச்சி செய்தார். தட்டுகளில் கிருமிகளை வளர்த்தார். சில கிருமிகள் சிவப்பாக வளரும். சில மஞ்சள். சில ஊதா. பிளெமிங் அவற்றைக் கம்பி முனையால் தொட்டுத் தட்டில் கோடு இழுப்பார். முதலில் ஒன்றும் தெரியாது. கிருமிகள் பெருகியதும் உருவம் தெரியும். நடனமாடும் பெண், பால் கொடுக்கும் தாய் என்று பல சித்திரங்கள் இப்படிப் பிறந்தன.

பிள்ளையின் கை

2015-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு தாய். கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வெளியே விளையாடிவிட்டு வந்த தன் 8 வயது மகனின் கையைக் கிருமி வளர்க்கும் தட்டில் பதியவைத்தார். சில நாட்களில் ஐந்து விரல்களும் தட்டில் தெரிந்தன. அத்தனையும் கிருமிக் கூட்டம்! அந்தப் படம் உலகெங்கும் பரவியது.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஈடன் பிராஜெக்ட் தோட்டத்தில், உடம்பில் வாழும் கிருமிகளைப் பற்றிய கலைக் கண்காட்சி நடந்தது.

"சீ, அருவருப்பு!" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அது தவறு. மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. செரிக்காத நார்ச்சத்தை அவை பக்குவப்படுத்துகின்றன. வைட்டமின் கே செய்து தருகின்றன. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. உடம்பில் குடியிருப்பவை எல்லாம் பகைவர் அல்ல!

இதை அறியாமல் பலர் சாதாரண ஜலதோஷத்துக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை விழுங்குகிறார்கள். ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். அதை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. நல்ல பாக்டீரியாக்கள்தான் சாகும். தப்பிப் பிழைத்த கெட்டவை மருந்துக்கு அடங்காமல் போகும். குறைந்த அளவு மருந்து கிருமிக்குப் பலம் சேர்க்கும் என்று பிளெமிங்கே 1945-ல் நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். இன்று அது நடந்துவிட்டது. பல மருந்துகள் பலிக்கவில்லை.

ஆகவே இத்தகைய படங்கள் பள்ளிக்கூடச் சுவரிலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் தொங்க வேண்டும். அந்தக் கைப்படத்தைப் பார்த்த பிள்ளை, சொல்லாமலே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரும். பெற்றோரும் டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடைக்கு ஓடமாட்டார்கள். நூறு பிரசங்கம் செய்யாததை ஒரு சித்திரம் செய்துவிடும்!